மூத்ததும் கைக்குழந்தைதான்: வாசகர் கேள்வி பதில்

இடுப்பில் ஒன்று, வயிற்றில் ஒன்று என்று இருக்கும் வீடுகளிலிருந்து வந்த கேள்விகளை இந்த முறை சேர்த்து எடுத்திருக்கிறோம். வயிற்றில் இருப்பதற்கு ஸ்கேன், மாத்திரை, செக்கப் என்று எல்லாம் தேதி போட்டு நடக்கிறது. இரண்டு வயதுகூட ஆகாத மூத்ததற்குத்தான் திட்டம் என்று ஒன்றும் இருப்பதில்லை. பதில்களில் அந்தப் பக்கத்துக்கே கூடுதல் இடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: மகனுக்கு 19 மாதம். எனக்கு இது நாலாவது மாதம். பகலில் மூன்று தடவை, ராத்திரி இரண்டு தடவை இன்னும் தாய்ப்பால் குடிக்கிறான். "வயித்துப்பிள்ளைக்காரி பால் கொடுத்தா மூத்தது சவலை பாஞ்சிரும், வேப்பெண்ணெயைத் தடவி இன்னைக்கே மறக்கடி" என்கிறார் மாமியார். ஸ்கேன் எல்லாம் நார்மல். நிறுத்தத்தான் வேண்டுமா?
வாசகி, சேலம்

பதில்: முதலில் வேப்பெண்ணெய் பாட்டிலைத் தூர வையுங்கள். கசப்புக்காகத் தடவுகிறோம் என்று நினைக்கிறோம். ஆனால் வேப்பெண்ணெய் வயிற்றுக்குள் போனால் சின்னக் குழந்தைகளுக்கு வாந்தி, மயக்கம், வலிப்பு வரை கொண்டுபோய்விடும். மூளையும் ஈரலும் பாதிக்கப்பட்ட குழந்தைகளைப் பற்றி மருத்துவ ஏடுகளில் பதிவுகள் உண்டு.

சவலை என்ற சொல்லை மாமியார் சும்மா சொல்லவில்லை. அடுத்த குழந்தை வயிற்றில் தங்கியதும் பால் மறந்து, கைகால் சூம்பி, வயிறு மட்டும் முன்தள்ளி, எந்நேரமும் சிணுங்கிக்கொண்டே இருக்கும் பிள்ளையைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்துத்தான் நம்மவர்கள் அந்தப் பெயரை வைத்தார்கள். இலக்கணத்தில்கூட இரண்டாம் அடியில் தனிச்சொல் குறைந்து வரும் வெண்பாவுக்குச் சவலை வெண்பா என்றுதான் பெயர். இன்னொரு கண்டத்திலும் இதையே பார்த்திருக்கிறார்கள். இன்றைய கானா நாட்டில் வேலை செய்த டாக்டர் சிசிலி வில்லியம்ஸ், உடம்பு நீர் கோத்து, முடி நிறம் மாறி வந்த குழந்தைகளைப் பற்றி 1930-களில் எழுதினார். அந்த நோய்க்கு அவர் வைத்த பெயர் குவாஷியோர்கர். அங்குள்ள கா மொழியில், அடுத்த குழந்தை வந்ததும் மூத்ததற்கு வரும் நோய் என்பது அதன் பொருள்.

ஆனால் காரணம் நம் வீடுகளில் சொல்வது அல்ல. கர்ப்பிணியின் பால் கெட்டுப்போவதில்லை, விஷமாவதில்லை. பால் சட்டென்று நின்றுவிடுகிறது, அந்த இடத்தில் வெறும் கஞ்சியும் ரசம் சாதமும்தான் வருகின்றன. சவலை பாய்வது அதனால்தான். ஒன்றிலிருந்து இரண்டு வயது வரை குழந்தைக்கு வேண்டிய சக்தியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கைத் தாய்ப்பால் தர முடியும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவ்வளவையும் ஒரே நாளில் எடுத்துவிட்டு ஈடு எதுவும் வைக்காவிட்டால் பிள்ளை இளைக்கத்தான் செய்யும். மாமியார் சொல்லும் "இன்னைக்கே மறக்கடி" என்பதுதான் சவலைக்கு நேர்வழி.

நிறுத்தியே ஆக வேண்டும் என்றும் இல்லை. கர்ப்பம் சிக்கலில்லாமல் போகும்போது பால் கொடுப்பதால் கரு கலையும் என்பதற்குச் சான்று கிடையாது. ரத்தக்கசிவு, முன்பு குறைப்பிரசவம், கர்ப்பப்பை வாயில் தையல், வயிற்றில் இரட்டைக் குழந்தை, டாக்டர் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பது ஆகியவற்றில் ஏதாவது ஒன்று இருந்தால் கொடுக்க வேண்டாம். பால் கொடுக்கும்போது வயிறு இறுகி, நிறுத்திய பிறகும் இறுக்கம் விடாமல் வந்துகொண்டே இருந்தால் அன்றே காட்டுங்கள். நாலு, ஐந்தாம் மாதத்தில் பால் தானாகவே குறையும், ருசியும் மாறும். பல பிள்ளைகள் அப்போது தாமாகவே விட்டுவிடுகின்றன. பிரசவம் வரை விடாமல் குடிக்கிறான் என்றால், பிறந்த பிறகு சீம்பால் வரும் நாட்களில் கைக்குழந்தைக்குத்தான் முதல் முறை. அவன் குடித்த பின்தான் மூத்தவனுக்கு.

நிறுத்துவதென்று முடிவெடுத்தால் ஒரு மாதம் ஒதுக்குங்கள். நாலைந்து நாளைக்கு ஒரு வேளை என்று குறைக்க வேண்டும். பகலில், அவன் விளையாட்டில் மறந்துபோகிற வேளையை முதலில் எடுங்கள். மதியத் தூக்கத்துக்கு முந்தியது அடுத்து. ராத்திரித் தூங்கப் போகும் வேளை கடைசி. வழக்கமாகப் பால் கொடுக்கும் நாற்காலியிலோ கட்டில் ஓரத்திலோ அந்த நேரத்தில் உட்காராதீர்கள், அந்த இடத்தைப் பார்த்ததுமே கேட்பான். ராத்திரி விழித்தால் அப்பா தண்ணீர் கொடுத்துத் தட்டிக்கொடுக்கட்டும். உங்களுக்கு மார்பு கட்டிக்கொண்டால் வலி குறையும் அளவுக்கு மட்டும் கையால் பீய்ச்சிவிடுங்கள். முழுக்க எடுத்தால் மறுபடி ஊறும்.

எடுக்கும் ஒவ்வொரு வேளைக்கும் தட்டில் ஒரு ஈடு இருக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று சாப்பாடு, இடையில் இரண்டு சிறுதீனி. சாதம் மூன்று பங்குக்குக் கெட்டிப் பருப்பு ஒரு பங்கு. பருப்புத் தண்ணீர் ஊற்றிப் பிசைந்தால் வயிறு நிறையும், சத்து சேராது. வெந்த பருப்பையே மசித்துப் போடுங்கள். நாள் முழுவதற்கும் நெய்யோ எண்ணெயோ நாலைந்து டீஸ்பூன். தினம் ஒரு முட்டை. சைவ வீடு என்றால் வறுத்துப் பொடித்த வேர்க்கடலை, சுண்டல் மசியல், தயிர். கடலையை முழுசாகக் கொடுக்கவே கூடாது, மூச்சுக்குழலில் சிக்கும். அங்கன்வாடியில் தரும் சத்துமாவை வாங்கிக் கஞ்சியாகவோ நெய் விட்டு உருண்டையாகவோ கொடுக்கலாம். பசும்பால் ஒரு நாளைக்கு 400 மில்லி போதும், அதுவும் டம்ளரில். தாய்ப்பால் போனதற்கு ஈடாகப் பால் பாட்டிலை நீட்டும் வீடுகளில்தான் லிட்டர் கணக்கில் பால் போகிறது. பசி அடங்கிவிடும், சாப்பாடு இறங்காது, பாலில் இரும்புச்சத்தும் இல்லாததால் ரத்தசோகை வரும்.

மாதம் ஒரு முறை அங்கன்வாடியில் எடை பாருங்கள். இந்த வயதில் மாதத்துக்குச் சுமார் 200 கிராம் ஏற வேண்டும். இரண்டு மாதம் தொடர்ந்து ஏறாமல் நின்றால் டாக்டரிடம் காட்ட வேண்டும். மேல்கைச் சுற்றளவை நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 12.5 சென்டிமீட்டருக்குக் கீழே போனால் அது சவலையின் தொடக்கம். 11.5-க்குக் கீழே என்றால் உடனே ஆஸ்பத்திரி.

கேள்வி: மகள் 11 கிலோ. ஆறாவது மாதம் நடக்கிறது. தூக்கினால் குழந்தை இறங்கிவிடும் என்று எல்லோரும் பயமுறுத்துகிறார்கள். தூக்காவிட்டால் அவள் தரையில் புரண்டு அழுகிறாள்.
வாசகி, தேனி

பதில்: நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது என்று ஸ்கேனில் சொல்லியிருந்தால், ரத்தக்கசிவு இருந்தால், கர்ப்பப்பை வாயில் தையல் போட்டிருந்தால் தூக்க வேண்டாம். மற்றவர்கள் தூக்கலாம், தேவைக்கு மட்டும். குழந்தை இறங்கிவிடாது. பழுதாவது உங்கள் முதுகும் இடுப்பு மூட்டும்தான். கர்ப்பத்தில் தசைநார்கள் தளர்ந்திருக்கும், வயிற்றின் பாரம் ஏற்கெனவே முன்னால் இழுக்கிறது.

நின்றபடி குனிந்து, கையை நீட்டித் தரையிலிருந்து தூக்குவதுதான் தவறு. அவள் அருகில் ஒரு முழங்காலை ஊன்றி உட்காருங்கள். அவளை உங்கள் தொடையில் ஏறி நிற்கச் சொல்லி, மார்போடு சேர்த்து அணைத்துக்கொண்டு, மூச்சை வெளியே விட்டபடி காலால் எழுந்திருங்கள். மூச்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தால் அந்த அழுத்தம் முழுக்க அடிவயிற்றுக்குப் போகும். எப்போதும் ஒரே இடுப்பில் வைக்காமல் மாற்றி மாற்றி வையுங்கள். எட்டாவது மாதத்திலிருந்து தொட்டியில் இறக்குவது, பைக்கில் ஏற்றுவது போன்றவற்றை வேறு ஆள் செய்யட்டும். கட்டிலுக்குப் பக்கத்தில் ஆடாத முக்காலி ஒன்றைப் போட்டுவைத்தால் ஒரு வாரத்தில் அவளே ஏறக் கற்றுக்கொள்வாள்.

பெரும்பாலும் அவள் கேட்பது உயரத்தை அல்ல, உங்களை. தூக்க முடியாத நேரத்தில் நின்றபடி "முடியாது" என்காமல் நீங்கள் கீழே உட்கார்ந்துவிடுங்கள். கால் நீட்டிச் சுவரில் சாய்ந்தால் மடி வந்துவிடும். ஒரு வார்த்தையை மட்டும் வீட்டில் யாரும் சொல்லக் கூடாது: "வயித்துல பாப்பா இருக்கு, அதான் அம்மா தூக்க மாட்டா." இன்னும் பிறக்காத குழந்தை மேல் அவளுக்குக் கோபம் அங்கேயே தொடங்கிவிடும். "அம்மாவுக்கு முதுகு வலிக்குது, உட்கார்ந்து கட்டிக்கலாம் வா" என்று சொல்லுங்கள்.

கேள்வி: மூத்தவனுக்கு 20 மாதம்தான் ஆகிறது. இந்தத் தடவையும் ரணஜன்னிக்கான டிடி ஊசி இரண்டு போட வேண்டுமா?
வாசகி, அரியலூர்

பதில்: போன கர்ப்பத்தில் இரண்டும் போட்டு, அதிலிருந்து மூன்று வருடத்துக்குள் இந்தக் கர்ப்பம் என்றால் ஒரு பூஸ்டர் போதும். பழைய தாய் சேய் அட்டையைக் கொண்டுபோய்க் காட்டுங்கள். அட்டை இல்லாவிட்டால் கணக்கு தெரியாது, இரண்டும் போடச் சொல்வார்கள்.

கேள்வி: இரும்புச்சத்து மாத்திரை போட்டால் குமட்டுகிறது. மேசை மேலேயே வைத்திருக்கிறேன், எப்போது முடிகிறதோ அப்போது போடுகிறேன். இது சரியா?
வாசகி, திருவாரூர்

பதில்: குமட்டலுக்கு வழி இருக்கிறது. மேசை மேலே வைத்திருப்பதுதான் எங்களைப் பதற வைக்கிறது.

அரசு தரும் மாத்திரை சிவப்பாக, மேலே சர்க்கரைப் பூச்சோடு இருக்கும். இரண்டு வயதுப் பிள்ளைக்கு அது மிட்டாய். ஒரு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனாலே விஷக்குறிகள் தொடங்கலாம். 11 கிலோப் பிள்ளைக்குக் கணக்குப் போட்டால் நாலு மாத்திரை. விழுங்கிய சில மணி நேரத்தில் வாந்தி, வயிற்றுப்போக்கு, சில சமயம் ரத்தத்தோடு வரும். பிறகு தெளிந்துவிட்டது போல விளையாடும். அந்தத் தெளிவைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், அதற்குப் பிறகுதான் ஈரல் பாதிக்கும். விழுங்கியிருக்குமோ என்று சந்தேகம் வந்தாலே 108-ஐ அழைத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்தோ தொண்டையில் விரல் விட்டோ வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். மீதி அட்டையைக் கையோடு எடுத்துப் போனால் எத்தனை குறைகிறது என்று அவர்கள் எண்ணிப் பார்ப்பார்கள். வீட்டில் மாத்திரைக்கு இடம் பூட்டிய அலமாரிதான். கைப்பை, தலையணை அடி, ஃபிரிட்ஜ் மேல் எதுவும் பாதுகாப்பில்லை. முக்காலியில் ஏறக் கற்றுக்கொண்ட பிள்ளைக்கு ஃபிரிட்ஜ் உயரமே இல்லை.

இனி குமட்டல். ராத்திரிச் சாப்பாடு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு போட்டுப் படுத்துவிடுங்கள். முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் பால், டீ, காபி கூடாது. கால்சியம் மாத்திரையைக் காலையிலும் மதியமும் சாப்பாட்டோடு போடுங்கள். இரண்டையும் சேர்த்துப் போட்டால் இரும்பு உடம்பில் சேராது. மலம் கறுப்பாகப் போவது இயல்புதான். கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பிறகும் 180 நாள். வரிசையாக இரண்டு பிரசவம் பார்க்கும் உடம்புக்கு அந்த இரண்டாவது 180 நாள் மிக முக்கியம், பலரும் விட்டுவிடுவது அதைத்தான்.

கேள்வி: மகள் இரண்டு வயதிலும் தூளியில்தான் தூங்குவாள். ஆட்டுவதை நிறுத்தினால் விழித்துவிடுவாள். இன்னும் மூன்று மாதத்தில் பிரசவம். தூளியை எப்படி விடுவிப்பது?
வாசகி, புதுக்கோட்டை

பதில்: மூன்று மாதம் போதும், ஆனால் இந்த வாரமே தொடங்குங்கள். பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்னும் மூன்று மாதம் பின்னும் மூத்ததற்கு எந்தப் புது மாற்றமும் வேண்டாம். தூளி, பாட்டில், கக்கூஸ் பழக்கம், பால்வாடி எல்லாவற்றுக்கும் இந்தக் கணக்கு பொருந்தும். அதற்குள் முடிக்க முடியாததைத் தள்ளிப் போட்டுவிடுங்கள்.

எல்லோரும் செய்யும் தவறு, தூளியில் தூங்க வைத்துவிட்டு மெதுவாக எடுத்துப் பாயில் கிடத்துவது. தூங்கிய இடம் ஒன்று, விழித்த இடம் இன்னொன்று என்றால் பெரியவர்களுக்கே திக்கென்று இருக்கும். பாதித் தூக்கத்தில் புரளும்போது ஆட்டம் இல்லாததை உணர்ந்து அலறுவாள். பிறகு தூங்கவே பயப்படுவாள். கண் மூடுவதே பாயில்தான் நடக்க வேண்டும்.

முதல் வாரம் தூளியிலேயே தூங்கட்டும், ஆட்டும் வேகத்தை மட்டும் தினம் கொஞ்சம் குறையுங்கள். நிறுத்திவிட்டுத் துணிக்கு வெளியிலிருந்து முதுகில் தட்டுங்கள். தட்டுவதற்குப் பழகிவிட்டால் ஆட்டம் தேவைப்படாது. இரண்டாம் வாரம் மதியத் தூக்கத்தை மட்டும் பாய்க்கு மாற்றுங்கள். தூளி கட்டிய அதே பழைய நூல் சேலையை, துவைக்காமல், நாலாக மடித்துப் பாயில் விரியுங்கள். அவள் தூக்கத்தோடு சேர்த்து அறிந்துவைத்திருப்பது அந்த வாசனையைத்தான். பக்கத்தில் ஒருக்களித்துப் படுத்து அதே தாளத்தில் தட்டுங்கள். முதல் மூன்று நாள் முக்கால் மணி நேரம்கூட ஆகலாம். பொறுமையிழந்து ஒரு நாள் தூளியில் போட்டுவிட்டால், அழுதால் கிடைக்கும் என்று கற்றுக்கொள்வாள், கணக்கு முதலிலிருந்து தொடங்கும். மதியம் பழகிய பிறகு இரவு. அதன்பின் தூளியைக் கழற்றி மடித்து உள்ளே வைத்துவிடுங்கள். ஒரு மாதமாவது அந்தக் கொக்கி வெறுமையாக இருக்கட்டும். நேற்று வரை அவள் கிடந்த தூளியில் இன்று வேறொரு குழந்தை என்றால் எந்தப் பிள்ளை தாங்கும்?

சின்னதற்குக் கட்டும்போது வேறு சேலையில் கட்டுங்கள். கொக்கி, கயிறு, முடிச்சு மூன்றையும் இழுத்துப் பாருங்கள். 12 கிலோ தாங்கித் தேய்ந்த கயிறை மாற்றிவிடுங்கள். தூளியின் அடி உங்கள் முழங்காலுக்கு மேல் போகக் கூடாது, கீழே மெத்தை விரித்திருக்க வேண்டும், ஆடினாலும் சுவரில் இடிக்காத தூரம் வேண்டும். பச்சைக் குழந்தை தூளிக்குள் மடங்கிக் கிடக்கும்போது தாடை நெஞ்சில் முட்டி மூச்சு அடைபடலாம். ஆகையால் கண் பார்வையில் இருக்கும்போது மட்டும் தூளி. ராத்திரிக்குத் தட்டையான, அழுந்தாத மெத்தையில், மல்லாக்க, தலையணை இல்லாமல் படுக்கவைப்பதே நல்லது. இரண்டு குழந்தைகளையும் ஒட்டிப் படுக்கவைக்காதீர்கள், நடுவில் நீங்கள் இருங்கள். மூத்தவளைத் தனியாகத் தூளி ஆட்ட விடவே கூடாது. பாசத்தில்தான் ஆட்டுவாள், ஆனால் அளவு தெரியாது.

கேள்வி: மனைவிக்கு எட்டாவது மாதம், முதல் பிரசவம் சுகப்பிரசவம். இங்கே நாங்கள் இருவர் மட்டுமே, அம்மா ஊரிலிருந்து வருவார். ஒன்றரை வயது மகன் அவரிடம் அதிகம் பழகியதில்லை. வலி வந்தால் எப்போது கிளம்புவது, அவனை என்ன செய்வது?
வாசகர், ஓசூர்

பதில்: அம்மாவை இப்போதே வரச் சொல்லுங்கள். வலி வந்த பிறகு பஸ் ஏறினால் போதாது. இரண்டாவது பிரசவம் பெரும்பாலும் முதலாவதைவிட வேகமாக முடியும். முதல் தடவை ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி என்று ஆகும்வரை காத்திருந்திருப்பீர்கள். இந்தத் தடவை எட்டு, பத்து நிமிடத்துக்கு ஒன்று என்று ஒழுங்காக வரத் தொடங்கினாலே கிளம்புங்கள். பனிக்குடம் உடைந்தால், ரத்தம் பட்டால், குழந்தையின் அசைவு குறைந்தால் வலிக்குக் காத்திருக்கவே வேண்டாம். முதல் பிரசவம் சிசேரியனாக இருந்தவர்கள் ஒழுங்கான வலி தொடங்கியதுமே போய்விட வேண்டும், பழைய தையல் இருக்கும் இடம் கவனிக்கப்பட வேண்டியது.

மகனுக்கு ஒத்திகை வேண்டும். முதல் வாரம் பாட்டி சாப்பாடு ஊட்டட்டும், நீங்கள் கண் முன்னால் இருங்கள். இரண்டாம் வாரம் குளிப்பாட்டித் தூங்க வைக்கட்டும். பிறகு இரண்டு மூன்று ராத்திரி பாட்டியோடு தனி அறையில் படுக்கட்டும். சுகப்பிரசவம் என்றால் இரண்டு மூன்று நாள், சிசேரியன் என்றால் ஐந்து முதல் ஏழு நாள் வரை அம்மா இல்லாமல் இருக்க வேண்டிவரும். அந்த முதல் ராத்திரி, பாட்டியோடு அவன் படுக்கும் முதல் ராத்திரியாக இருக்கக் கூடாது. கிளம்பும்போது அவன் தூங்கிக்கொண்டிருந்தால் தொட்டு எழுப்பி, "அம்மா ஆஸ்பத்திரிக்குப் போறா, அப்பா ராத்திரி வருவேன், பாட்டி கூட இரு" என்று சொல்லிவிட்டுப் போங்கள். அழுவான், பரவாயில்லை. சொல்லாமல் நழுவினால் அதற்குப் பிறகு பல வாரம் நீங்கள் பாத்ரூம் போனால்கூடக் கதவடியில் நிற்பான்.

ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். சாப்பிடும் நேரம், தூங்க வைக்கும் விதம், அவனுடைய மழலைச் சொற்களுக்கு அர்த்தம் (தண்ணீருக்கு அவன் என்ன சொல்வான் என்பது பாட்டிக்குத் தெரியாது), குழந்தை டாக்டரின் எண். காய்ச்சல் மருந்தைப் பற்றிக் கட்டாயம் எழுதுங்கள். பாராசிட்டமால் சிரப் 5 மில்லிக்கு 120 மில்லிகிராம், 250 மில்லிகிராம் என்று இரண்டு வீரியத்தில் கடையில் இருக்கிறது. 120-க்குச் சொன்ன அளவை 250-இல் ஊற்றினால் மருந்து இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். இப்போதைய எடைக்கு எத்தனை மில்லி என்று டாக்டரிடம் கேட்டு, பாட்டில் மேலேயே பேனாவால் எழுதி, வீட்டில் ஒரே ஒரு வீரியத்தை மட்டும் வையுங்கள்.

கேள்வி: இரண்டாவது குழந்தைக்கும் பிக்மி எண், உதவித்தொகை, லீவு எல்லாம் உண்டா?
வாசகி, திருப்பூர்

பதில்: இந்தக் கர்ப்பத்தையும் 12 வாரத்துக்குள் கிராம அல்லது நகர்ப்புறச் செவிலியரிடம் பதிய வேண்டும். அப்படிப் பதியும்போது தரும் பிக்மி எண் இல்லாமல் பிறப்புச் சான்றிதழ் வாங்க அலைய வேண்டிவரும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவி, ஊட்டச்சத்துப் பெட்டகத்தோடு சேர்த்து 18,000 ரூபாய், தகுதியுள்ள வீடுகளுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு உண்டு. தனியார் வேலையில் 26 வாரச் சம்பள லீவு இரண்டாவது குழந்தைக்கும் உண்டு. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் 80 நாள் வேலை செய்திருக்க வேண்டும். முன்கூட்டி எட்டு வாரம் வரை எடுக்கலாம் என்றாலும், மூத்தது சின்னதாக இருக்கும் வீட்டில் பின்னால் நாள் மிச்சம் வைப்பதே உதவும். பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிடுங்கள்.

கேள்வி: பேத்திக்கு இரண்டரை வயது. தம்பி பிறந்து 20 நாள் ஆகிறது. விட்டிருந்த பாட்டிலைக் கேட்கிறாள், பாவாடையிலேயே ஒன்றுக்குப் போகிறாள், யாரும் பார்க்காதபோது தம்பியைக் கிள்ளுகிறாள். பார்க்க வருகிறவர்கள் "உன் இடம் போச்சே" என்று கேலி செய்கிறார்கள். மருமகள் அழுகிறாள்.
பாட்டி, மதுரை

பதில்: அம்மா, அந்தக் கேலியை நீங்கள்தான் நிறுத்த முடியும். மருமகளால் விருந்தாளிகளை அதட்ட முடியாது. வீட்டுப் பெரியவர் நீங்கள் வாசலிலேயே சொல்லிவிடலாம்: "முதல்ல பெரியவளைக் கொஞ்சிட்டு அப்புறம் சின்னவனைப் பாருங்க." சட்டையும் கொலுசும் சின்னவனுக்கு மட்டும் வருகிறபோது, வந்த பையைப் பேத்தி கையில் கொடுத்துத் திறக்கச் சொல்லுங்கள்.

இன்னொன்றை யோசித்துப் பாருங்கள். இருபது நாள் முன்புவரை உங்கள் வீட்டில் பாப்பா யார்? "பாப்பா சாப்பிட்டாச்சா, பாப்பா எங்கே" என்று கூப்பிட்டபோதெல்லாம் ஓடி வந்தவள் அவள். இப்போது எல்லோரும் "பாப்பா அழுவுது" என்கிறார்கள், அவளைக் கூப்பிடவில்லை. இடத்தோடு சேர்த்துப் பெயரும் போய்விட்டது. சின்னவனைத் தம்பி என்றே எல்லோரும் சொல்லுங்கள். அவள் விரும்பும்வரை பாப்பா அவளாகவே இருக்கட்டும்.

பாட்டில் கேட்டால் திட்டாமல் டம்ளரில் பால் கொடுத்து, மடியில் படுக்கவைத்துக் குடிக்க விடுங்கள். அவளுக்கு வேண்டியது அந்தப் படுக்கைதான். ஒன்றுக்குப் போவதற்கு அடிக்க வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை நீங்களே கூட்டிப் போங்கள். பெரும்பாலும் சில வாரத்தில் சரியாகும். எரிச்சல், காய்ச்சல், துர்நாற்றம் இருந்தால் மட்டும் சிறுநீர்ப் பரிசோதனை. கிள்ளும்போது கத்தாமல் கையைப் பிடித்து "தம்பிக்கு வலிக்கும்" என்று ஒரே வரி சொல்லி, அந்தக் கையாலேயே அவன் காலைத் தடவ வையுங்கள். கன்னத்தையும் தலை உச்சியையும் தொட விடாதீர்கள், காலும் பாதமும் அவளுடையவை என்று சொல்லிவிடுங்கள். இருவரையும் ஒரு நிமிடம்கூடத் தனியாக விட வேண்டாம்.

மருமகள் பால் கொடுக்கும் நேரத்தில்தான் சேட்டை கூடும். அம்மாவின் இரண்டு கையும் மாட்டிக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியும். அந்த நேரத்துக்கென்று மட்டும் ஒரு பழைய பிஸ்கட் டின்: சில வளையல்கள், மூடியுள்ள டப்பாக்கள், படப் புத்தகம். பால் கொடுத்து முடித்ததும் மூடி உள்ளே வைத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் நாலு நாளில் அலுத்துப்போகும். தினமும் தம்பி தூங்கும்போது கால் மணி நேரம் நீங்கள் தம்பியைப் பார்த்துக்கொள்ள, மருமகளை மகளோடு தனியாக இருக்க விடுங்கள். அந்தக் கால் மணியில் பாத்திரமும் இல்லை, போனும் இல்லை. சிசேரியன் என்றால் ஆறு வாரம் அவளைத் தூக்கக் கூடாது. மருமகள் உட்கார்ந்து வயிற்றின் மேல் தலையணை வைத்துக்கொண்டால் பேத்தி பக்கவாட்டில் ஏறிக்கொள்ளலாம். தீட்டு என்று சொல்லிப் பேத்தியை அந்த அறைக்கு வெளியே நிறுத்தாதீர்கள். கை கழுவிவிட்டு வரட்டும், அது போதும்.

கேள்வி: மகன் போகும் பால்வாடியில் இரண்டு பேருக்கு அம்மை போட்டிருக்கிறது. எனக்கு எட்டாவது மாதம். சின்ன வயதில் அம்மை வந்ததா என்று அம்மாவுக்கும் ஞாபகம் இல்லை.
வாசகி, கடலூர்

பதில்: அவனை இன்றே வீட்டில் நிறுத்துங்கள், நீங்கள் நாளைக்கே டாக்டரைப் பாருங்கள். சின்னம்மை கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே பரவும், ஒட்டிய பிறகு வெளியே தெரிய 10 முதல் 21 நாள் ஆகும். உங்களுக்கு எதிர்ப்பு சக்தி இருக்கிறதா என்று ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். இருந்தால் கவலை இல்லை. இல்லாமல், அம்மை போட்டவரோடு ஒரே அறையில் இருந்திருந்தாலோ அவனுக்கே வந்துவிட்டாலோ, பத்து நாளுக்குள், முடிந்தால் நாலு நாளுக்குள், எதிர்ப்புப் புரத ஊசி போடலாமா என்று டாக்டர் முடிவு செய்வார். கர்ப்பத்தில் அம்மைத் தடுப்பூசி போட முடியாது, ஆனால் அவனுக்குப் போடலாம், உங்களுக்கு அதனால் கேடு இல்லை. பிரசவத்துக்கு ஐந்து நாள் முன்பிலிருந்து இரண்டு நாள் பின்புவரை தாய்க்கு அம்மை வந்தால் பச்சைக் குழந்தைக்கு ஆபத்து அதிகம். ஆகவே அறிகுறி தெரிந்தால் வேப்பிலை கட்டிவிட்டு வீட்டிலேயே இருந்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து சொல்லிவிட்டுப் போங்கள், அங்குள்ள மற்றக் கர்ப்பிணிகளுக்கும் அது பாதுகாப்பு.

அம்மை வராவிட்டாலும் ஒரு பழக்கத்தை மாற்றிக்கொள்ளுங்கள். பிள்ளை தட்டில் விட்ட மிச்சத்தை வாயில் போட்டுக்கொள்வது, அவன் ஸ்பூனிலேயே ருசி பார்ப்பது, அவன் கடித்த பழத்தைக் கடிப்பது. சிஎம்வி என்ற வைரஸ் சின்னப் பிள்ளைகளின் எச்சிலிலும் சிறுநீரிலும் பல மாதம் இருக்கும், அவர்களுக்கு ஒன்றும் செய்யாது. கர்ப்பிணிக்குத் தொற்றினால் வயிற்றுக் குழந்தையின் காது கேட்கும் திறனைப் பாதிக்கலாம். அவனுக்குக் கால் கழுவிவிட்ட பிறகும், மூக்கு துடைத்த பிறகும் சோப்புப் போட்டு 20 வினாடி கை கழுவுங்கள். முத்தத்தை நெற்றியில் கொடுங்கள்.

குழந்தை பிறந்த பிறகு மூத்தவன் சளியோடு பால்வாடியிலிருந்து வருவான், தடுக்க முடியாது. வந்ததும் கைகால் கழுவிச் சட்டை மாற்றிவிட்டு உள்ளே விடுங்கள். சின்னதற்கு இரண்டு மாதம் ஆகும்வரை உடம்பு 100.4 டிகிரி தொட்டாலோ, பால் குடிக்காமல் சோர்ந்தாலோ, அழாமல் இருக்கும்போது எண்ணினால் நிமிடத்துக்கு 60 மூச்சோ அதற்கு மேலோ வந்தாலோ, மூச்சு விடும்போது நெஞ்சு உள்வாங்கினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். மூத்தவனுக்கு வாங்கிய சளி சிரப்பிலிருந்து ஒரு சொட்டுகூடச் சின்னதற்குக் கொடுக்கக் கூடாது.